பகலில் அதிராத கருவி

கண்ணாடிக்கடையில் அவளுக்குப் புள்ளி என்று பெயர். லென்ஸை அரைக்க அனுப்பும் முன் அதன் நடுமையத்தைக் கண்டுபிடித்து, மெல்லிய பேனாவால் சிவப்பு மையில் ஒரு புள்ளி வைக்க வேண்டும். அதுதான் அவள் வேலை. அந்தப் புள்ளி மயிரிழை தள்ளிப்போனாலும் கண்ணாடி போட்டவருக்குத் தலைவலி வந்துவிடும். பதினோரு வருஷத்தில் அவள் வைத்த புள்ளி தப்பாப்போச்சு என்று சொல்லிக்கொண்டு ஒருவரும் கடைப்படி ஏறியதில்லை. "இவங்க நம்ம கடையோட பெரும்புள்ளி" என்று அரவை மிஷின்காரர் புது ஆட்களிடம் அறிமுகம் செய்துவைப்பார். அவர் உதட்டைப் பார்த்துத்தான் அவள் சிரிப்பாள். ஐந்து வயதில் வந்த காய்ச்சல் ஆளை விட்டுவிட்டுக் காதை மட்டும் கொண்டுபோய்விட்டது.

புருஷன் கப்பலில் எஞ்சின் அறையில் வேலை பார்ப்பவன். காது கேட்கிறவன்தான். ஆனால் அவளைக் கட்டிக்கொள்ள ஆசைப்பட்டு, கட்டுவதற்கு முன்னாலேயே ஒரு வருஷம் உட்கார்ந்து கைமொழி படித்தவன். குழந்தைக்கு ஐந்து மாசம் முடிந்ததும் மறுபடி கப்பல் ஏற வேண்டி வந்தது. ஏறுவதற்கு முன்னால் இரண்டு காரியம் செய்தான். காது கேளாத பெற்றோருக்கென்று விற்கிற கருவி ஒன்றை வாங்கி வைத்தான். தன் அக்காவைத் துணைக்கு வரவழைத்தான்.

கருவி இரண்டு பாகம். தொட்டிலுக்குப் பக்கத்தில் அலமாரித் தட்டில் வெள்ளைப் பெட்டி; குழந்தை அழுவதை அது கேட்டுக்கொள்ளும். இன்னொன்று இடுப்பில் செருகிக்கொள்கிற சின்ன டப்பி. உள்ளே அழுகை கிளம்பினால் டப்பி இடுப்பில் ஒரு சுண்டெலி துள்ளுவதுபோல் அதிரும், மேலே வரிசையாக விளக்குகள் எரியும். ராத்திரியில் அதையே தலையணைக்கடியில் வைத்துக்கொள்ளலாம். வெள்ளைப் பெட்டியின் முதுகில் ஒரு திருகு உண்டு. ஒன்று முதல் ஐந்து வரை எண் போட்டிருக்கும். ஐந்தில் வைத்தால் குழந்தை பெருமூச்சு விட்டாலும் அதிரும். ஒன்றில் வைத்தால் பக்கத்திலேயே ஏதாவது உடைந்தால்தான் அதிரும். புருஷன் அதை நாலில் வைத்துவிட்டுப் போனான்.

நாத்தனார் ஒரு பெரிய ஹோட்டலின் சலவைப் பிரிவில் முப்பது வருஷம் மேற்பார்வை பார்த்தவள். ஓய்வு பெற்று இரண்டு மாசம்தான் ஆகியிருந்தது. கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. கைக்குட்டையைக்கூட முனைக்கு முனை பிடித்து நாலாக மடிக்கிறவள். வந்த அன்றே வீட்டிலிருந்த துணியையெல்லாம் எடுத்து மறுபடி மடித்து வைத்தாள். வேலைக்குக் குறை சொல்ல முடியாது. பேச்சுதான் கஷ்டம். சாப்பாடு, தூக்கம், குளியல், இந்த மூன்றுக்கும் அவளுக்குச் சைகை தெரியும். மற்றதையெல்லாம் அடுப்பைப் பார்த்துக்கொண்டு சொல்வாள். சொல்லி முடித்த பிறகுதான் திரும்பிப் பார்ப்பாள்.

டிவியைப் பார்த்துச் சிரிப்பாள். "என்ன அண்ணி?" என்று புள்ளி கையால் கேட்டால், ஈயை விரட்டுவதுபோல் கையை ஆட்டுவாள். ஒண்ணுமில்லை என்று அர்த்தம். அந்தக் கையாட்டல் புள்ளிக்குப் புதிதில்லை. பிறந்த வீட்டிலும் அதுதான். சாப்பாட்டு மேஜையில் எல்லாரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். என்னவென்று கேட்டால், அப்புறம் சொல்றேன் என்பார்கள். அந்த அப்புறத்துக்காக அவள் எத்தனையோ நாள் காத்திருந்திருக்கிறாள். புருஷன் ஒருவன்தான் எந்தச் சிரிப்பையும் பாதியில் நிறுத்தி, அவள் பக்கம் திரும்பி, முழுக்கச் சொல்லிவிட்டு மறுபடி சிரிப்பவன். அவன் இப்போது நடுக்கடலில் இருந்தான்.

ஒரு மாதம் ஒழுங்காகப் போயிற்று. கடையிலிருந்து தட்டுத் தட்டாக லென்ஸ்களை வீட்டுக்கே அனுப்பினார்கள். முன்னறையில் விளக்கைப் போட்டுக்கொண்டு அவள் புள்ளி வைப்பாள். இடுப்பில் சுண்டெலி துள்ளினால் பேனாவை மூடிவிட்டு உள்ளே ஓடுவாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை, லென்ஸ் துடைக்கும் துணியை எடுக்க உள்ளே போனவள் வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். குழந்தை நாத்தனாரின் தோளில் கிடந்தான். முகம் செக்கச்செவேலென்று இருந்தது. இமை மயிரெல்லாம் நனைந்து ஒட்டிக்கொண்டிருந்தது. விசும்பல் இன்னும் அடங்கவில்லை. வெகுநேரம் அழுதிருக்கிறான். அவள் இடுப்பைத் தொட்டுப் பார்த்தாள். டப்பி இருந்தது. இணைப்பைக் காட்டுகிற பச்சை விளக்கும் எரிந்தது. அது ஒரு தரம்கூட அசையவில்லை.

பெட்டிக்கு முன்னால் போய் நின்று பலமாகக் கை தட்டினாள். உடனே அதிர்ந்தது.

கருவியோடு வந்த புத்தகத்தின் கடைசி இரண்டு பக்கத்தில், அது அதிரவில்லை என்றால் என்ன பார்க்க வேண்டும் என்று வரிசையாகப் போட்டிருந்தது. புள்ளி கடையில் பழகினவள். எதையும் ஒவ்வொன்றாகத்தான் பார்ப்பாள். குழந்தை தூங்கின பிறகு, அன்றைக்கு ராத்திரிச் சாப்பாடு முடிந்து உட்கார்ந்தாள். பாட்டரியை மாற்றினாள். செருகியைப் பிடுங்கி வேறு பிளக் பாயிண்டில் போட்டாள். வைஃபை பெட்டி பக்கத்தில் இருந்தால் குறுக்கிடும் என்று இருந்தது. அதைக் கூடத்துக்குக் கொண்டுபோனாள். தூரம் அதிகமோ என்று டப்பியைப் பிடித்துக்கொண்டு அறை அறையாக நடந்து, மொட்டைமாடிப் படி வரைக்கும் போய் விளக்கைப் பார்த்தாள். பச்சை மாறவேயில்லை. திருகைப் பார்த்தாள். நாலில் இருந்தது.

மறுநாள் பகலிலும் அதே கதை. அதற்கு மறுநாளும் அப்படியே. அவள் போய்ப் பார்க்கும்போது குழந்தை அழுது ஓய்ந்து நாத்தனாரின் தோளில் இருப்பான். அவள் கை தட்டினால் கருவி அதிரும். ஒரு நோட்டில் நேரம் குறிக்க ஆரம்பித்தாள். குறித்துப் பார்த்ததில் ஒன்று தெரிந்தது. ராத்திரியில் ஒரு அழுகைகூடத் தவறவில்லை. பகலில் ஒன்றுகூட எட்டவில்லை. ராத்திரிக்கு ஒரு மாதிரி, பகலுக்கு ஒரு மாதிரி நடந்துகொள்ள மிஷினுக்கு என்ன தெரியும் என்று அவளுக்கு விளங்கவில்லை.

ஒருவேளை கருவி அதிர்ந்து, அவளுக்குத்தான் தெரியவில்லையோ என்றுகூடத் தோன்றியது. காது போன மாதிரி தோலும் மரத்துப்போகிறதோ என்னவோ. குளியலறையில் நின்று இடுப்பைக் கிள்ளிப் பார்த்துக்கொண்டாள். வலித்தது. அப்படியும் சந்தேகம் தீரவில்லை. டப்பியை இடுப்பிலிருந்து எடுத்து, நெஞ்சோடு சேர்த்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள்.

புருஷனுக்குச் செய்தி அனுப்பினாள். கப்பலில் சிக்னல் கிடைக்கும்போதுதான் பதில் வரும். இரண்டு நாள் கழித்து வந்தது. உதவி மையத்துக்கு அக்காவைப் போன் பண்ணச் சொல்லு என்று எழுதியிருந்தான். புத்தகத்தின் பின்னட்டையில் போன் நம்பர் மட்டும்தான் இருந்தது. காது கேளாதவர்களுக்கென்று கருவி செய்தவர்கள், அதில் குறை இருந்தால் போனில் பேசச் சொல்லியிருந்தார்கள். அதை நினைத்து அவளுக்குச் சிரிப்பு வந்தது. சொல்லிச் சிரிக்கப் பக்கத்தில் ஆள் இல்லை.

நாலு கேள்வியை ஒரு தாளில் எண் போட்டு எழுதி நாத்தனாரிடம் கொடுத்தாள். கருவி புள்ளியின் நம்பரில் பதிவாகியிருந்ததால் அவளுடைய போனிலிருந்தே கூப்பிடச் சொன்னாள். நாத்தனார் போனை வாங்கிக்கொண்டு பால்கனிக்குப் போனாள். கண்ணாடிக் கதவு வழியாகப் புள்ளி பார்த்துக்கொண்டிருந்தாள். நாத்தனாரின் முகம் அப்படி இளகி அவள் பார்த்ததில்லை. ஏதோ சொன்னாள், சிரித்தாள், தலையைச் சாய்த்துக் கேட்டாள். குழந்தையின் உயரத்தைக் கையால் காட்டினாள், எதிரில் யாரோ நிற்பதுபோல. ஒருதரம் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டாள். இருபத்திரண்டு நிமிஷம் பேசினாள். கேள்வித்தாள் உள்ளே மேஜைமேல் விட்டது விட்டபடி கிடந்தது.

உள்ளே வந்ததும் என்ன சொன்னார்கள் என்று புள்ளி கேட்டாள். நாத்தனார் கையை ஆட்டினாள். ஒண்ணுமில்லை.

புள்ளி நோட்டை நீட்டினாள். "இருபத்திரண்டு நிமிஷம் பேசினீங்களே?"

நாத்தனார் பெரிய பெரிய எழுத்தில் எழுதினாள். "மிஷின் நல்லாத்தான் இருக்காம். நீ மனசப் போட்டு அலட்டிக்காத."

அன்றைக்கு ராத்திரி படுக்கப் போகும் முன் புள்ளி தன் சிவப்புப் பேனாவை எடுத்தாள். கடையில் லென்ஸ் பிடிப்பானில் நழுவிக்கொண்டே இருந்தால் ஒரு வழி உண்டு. லென்ஸில் ஒரு புள்ளி, அதற்கு நேரே பிடிப்பானில் ஒரு புள்ளி. அரைத்த பிறகு இரண்டும் நேராக இருந்தால் நழுவவில்லை. அவளுக்கு யார்மேலும் சந்தேகமில்லை. எது நகர்கிறது என்று மட்டும் தெரிய வேண்டியிருந்தது. செருகியிலும் பிளக் பாயிண்டிலும் வைத்தாள். பெட்டியிலும் தட்டிலும் வைத்தாள். கடைசியாகத் திருகிலும் அதற்கு நேரே பெட்டியிலும், கடுகில் பாதி அளவுக்கு வைத்தாள்.

மறுநாள் பதினோரு மணிக்கு நாத்தனார் பால் வாங்கக் கீழே போயிருந்தாள். குழந்தை தூங்கிக்கொண்டிருந்தான். புள்ளி பெட்டியிடம் போனாள். செருகி நேராக இருந்தது. பெட்டி நகரவில்லை. பெட்டியைத் திருப்பினாள். திருகின் புள்ளி கீழே போயிருந்தது. ஒன்றில் நின்றது.

அது தானாகச் சுற்றுகிற திருகு இல்லை. நகத்தைக் கொடுத்து நெம்பினால்தான் ஒவ்வொரு எண்ணாக நகரும். இப்போது எல்லாம் புரிந்தது. பெட்டிக்குப் பக்கத்தில் தட்டுகிற கைதட்டல் ஒன்றிலும் எட்டும். தொட்டிலில் இருந்து வருகிற அழுகை எட்டாது. காலையில் யாரோ ஒன்றுக்குத் திருப்பி, இருட்டினதும் நாலுக்குத் திருப்பியிருக்கிறார்கள். வீட்டில் பெரியவர்கள் இரண்டே பேர்.

கட்டில் விளிம்பில் உட்கார்ந்து போனை எடுத்தாள். புருஷனுக்கு எழுதத்தான் எடுத்தாள். விளம்பரங்களுக்கு நடுவே முந்தின நாள் உதவி மையத்திலிருந்து வந்த செய்தி பிரிக்காமல் கிடந்தது.

"எங்களை அழைத்ததற்கு நன்றி அம்மா. அழைத்தவர்: குழந்தையின் தாய். கேள்வி: ஒலித் திருகைத் தினமும் மாற்றி வைத்தால் கருவி கெட்டுவிடுமா? பதில்: கெடாது. உங்கள் செல்வம் நலமாக வளர வாழ்த்துகள்."

இரண்டு தரம் படித்தாள். மூன்றாம் தரம், அழைத்தவர் என்ற இடத்தோடு நின்றுவிட்டாள்.

நாத்தனார் பாலோடு திரும்பி வந்தபோது வெள்ளைப் பெட்டி சமையலறை மேஜையில் முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தது. பக்கத்தில் போன், அதன் பக்கத்தில் நோட்டு. நாத்தனார் பெட்டியைப் பார்த்தாள், சிவப்புப் புள்ளிகளைப் பார்த்தாள். போனை எடுத்து எட்டப் பிடித்துப் படித்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டு ஏதோ சொல்ல ஆரம்பித்தாள். புள்ளி மேஜையைத் தட்டினாள். நாத்தனார் நிமிரவில்லை. மறுபடி தட்டி நோட்டை அவள் கைக்குக்கீழே தள்ளினாள்.

நாத்தனார் உட்கார்ந்து எழுதினாள். "நீ வேலையா இருக்கே. நான் சும்மாதானே இருக்கேன். அழுதா நானே பாத்துக்கலாமேன்னு."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே அண்ணி."

"சொன்னா விடுவியா? டப்பி அதிர்ந்தா நீ எனக்கு முந்தி ஓடி வந்து தூக்கிடறே. நான் கைய நீட்டிக்கிட்டு நிக்கறேன்."

புள்ளி பேனாவை வாங்கினாள். "நான்தான் அம்மா" என்று எழுதினாள்.

நாத்தனார் அதற்குக் கீழே, "தெரியும்" என்று எழுதினாள். பிறகு கேட்காமலே மேற்கொண்டு எழுதினாள். "போன்ல பேசின பொண்ணு நீங்க அம்மாவான்னு கேட்டுது. ஆமான்னு வாயில வந்துடுச்சு. இல்லைன்னு மாத்திச் சொல்ல மனசு வரல. எத்தனை மாசம், பல்லு முளைக்குதா, ராத்திரி தூங்கறானான்னு ஒவ்வொண்ணாக் கேட்டுது. என்னை இதெல்லாம் யாரு கேட்டா இத்தனை வருஷத்துல?"

புள்ளிக்குக் கோபம் தலைக்கேறியிருந்தது. இதைப் படித்ததும் அது இறங்கவில்லை. ஆனால் போய் மோத இடம் இல்லாமல் நின்றது. அவள் எழுதினாள். "என் உடம்புலதான் ஏதோ கோளாறுன்னு நினைச்சேன் அண்ணி. இடுப்பைக் கிள்ளிக் கிள்ளிப் பாத்தேன்."

நாத்தனார் அதைப் படித்துவிட்டுப் பேனாவைக் கீழே வைத்தாள். மேஜைமேல் கிடந்த கைத்துணியை நாலாக மடித்தாள், எட்டாக மடித்தாள். அதற்குமேல் மடிக்க வரவில்லை. கண்ணைத் துடைத்துக்கொள்ளாமல் எழுந்துபோய்ப் பாலை அடுப்பில் வைத்தாள்.

மத்தியானம் புள்ளி திருகை நாலில் வைத்து, அதன்மேல் லென்ஸ் ஒட்டுகிற பசையில் ஒரு சொட்டு விட்டாள். நாத்தனார் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு கருவி ஒரு தரம்கூடத் தவறவில்லை. ஆனால் வீட்டில் இரண்டு பேரும் விருந்தாளிகளைப்போல ஆகிவிட்டார்கள். ஒருவருக்கொருவர் தண்ணீர் எடுத்துக் கொடுத்தார்கள், ஒருவர் வர ஒருவர் வழிவிட்டார்கள். அடுத்த நாள், மறுபடி இடுப்புக்கு வந்திருந்த டப்பி அதிர்ந்தபோது புள்ளி வேண்டுமென்றே எழுந்திருக்கவில்லை. அண்ணி தூக்கட்டும் என்று பேனாவைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். விளக்கு மூன்றிலிருந்து நாலுக்குப் போயிற்று, ஐந்துக்கும் போயிற்று. அதிர்வு நிற்கவில்லை. தாங்க முடியாமல் எழுந்து போய்ப் பார்த்தால், நாத்தனார் அறைக்கு வெளியே, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றிருந்தாள், இவள் வரட்டும் என்று. உள்ளே குழந்தை வாயைப் பிளந்து அழுதுகொண்டிருந்தான். இரண்டு பேரும் ஒரு நொடி ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நாத்தனார் ஒதுங்கி வழிவிட்டாள்.

சனிக்கிழமை காலையில் நாத்தனார் பெட்டியைக் கட்டிவிட்டாள். "வீட்டப் பூட்டிப் போட்டு ரொம்ப நாளாச்சு" என்று நேருக்கு நேராகப் பார்த்து, உதட்டை நிதானமாக அசைத்துச் சொன்னாள். ஒரு வார்த்தைகூடத் தவறாமல் புரிந்தது. இத்தனை நாளும் இப்படி அவளால் பேச முடிந்திருக்கிறது. புள்ளி நோட்டில், "இருங்க அண்ணி" என்று எழுதிக் காட்டினாள். நாத்தனார் கையை ஆட்டினாள். குழந்தையின் உள்ளங்காலை எடுத்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். பஸ் நிறுத்தம் வரைக்கும் வருகிறேன் என்றதற்கு, வெயில், குழந்தை என்று இரண்டையும் கையால் காட்டிவிட்டுப் படி இறங்கினாள்.

ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் புருஷன் வந்தான். அக்கா ஏன் போய்விட்டாள் என்று கைமொழியில் கேட்டான். வீட்டில் வேலை இருக்கிறதாம் என்று புள்ளி சொன்னாள். கருவி சரியாகிவிட்டதா என்றான். சரியாகிவிட்டது என்றாள். படம் நடுநடுவே உறைந்து, அவன் கை பாதிச் சொல்லில் நின்றுபோனது.

அதற்கப்புறம் அவளும் குழந்தையும்தான். லென்ஸ் தட்டு காலையில் வரும், சாயங்காலம் போகும். கொண்டுவருகிறவர் படியிலேயே வைத்துவிட்டுப் போய்விடுவார். அலமாரியில் துணிகள் நாத்தனார் மடித்து வைத்தபடியே இருந்தன. எடுத்தால் கலைந்துவிடும் என்று இரண்டு நாள் கொடியில் காய்ந்ததையே எடுத்து உடுத்தினாள். வீட்டுக்குள் ஒரு ஆள் நடமாடினால் தரையில் அது தெரியும். காலுக்குக் கீழே லேசாக ஒரு அசைவு வரும். இப்போது தரை கல்லாகக் கிடந்தது.

புதன்கிழமை மத்தியானம் டப்பி அதிர்ந்தது. ஓடிப்போய்த் தூக்கினாள். குழந்தை அவள் தோளில் ஏறினான், ஆனால் அடங்கவில்லை. அவள் தோளுக்கு மேலாகக் கழுத்தை நீட்டி வாசற்படியைப் பார்த்தான். திருப்பிப் பிடித்தாள். மறுபடி எம்பி வாசற்படியையே பார்த்தான். யாரைத் தேடுகிறான் என்று கேட்க வேண்டியதில்லை.

ஒரு கையால் போனை எடுத்து, "உங்களைத் தேடறான் அண்ணி" என்று அனுப்பினாள்.

பதில் வரவில்லை. சாயங்காலம் குழந்தைக்கு ஊட்டிக்கொண்டிருக்கும்போது போன் வெளிச்சம் போட்டுத் துடித்தது. நாத்தனாரின் நம்பர். நாத்தனாரிடம் இருந்தது பொத்தான் போன். அதில் முகம் பார்த்துப் பேச முடியாது. வெறுங்குரல்தான். அது புள்ளிக்குப் பயன்படாது என்று நாத்தனாருக்குத் தெரியாமல் இருக்காது. முதல் தடவை துடித்து ஓய்ந்தது. மறுபடி துடித்தது.

புள்ளி பச்சையை அழுத்தினாள். போனைக் குழந்தையின் காதோடு சேர்த்துப் பிடித்தாள்.

குழந்தை உடம்பை அசைக்காமல் கேட்டான். கண் ஒரு இடத்தில் நிலைத்தது. பிறகு வாய் மெல்ல விரிந்தது. நாக்கில் சோற்றுப் பருக்கையோடு சிரித்தான். காலை உதைத்தான். ஏதோ பதில்போல அவன் தொண்டையும் அசைந்தது. புள்ளி இன்னொரு கையின் விரலை அந்தக் கழுத்தில் வைத்து அதைத் தொட்டுப் பார்த்தாள். திரையில் நிமிஷம் ஓடிக்கொண்டிருந்தது. மூன்று, நாலு. உள்ளே என்ன பேச்சு நடக்கிறது என்று அவளுக்குத் தெரியாது. கை வலித்தது. மாற்றிப் பிடித்தால் நடுவில் ஏதாவது ஒரு வார்த்தை விட்டுப்போய்விடுமோ என்று அப்படியே பிடித்துக்கொண்டிருந்தாள்.